ரீமேப்பா, பிக்கிபேக்கா? பைக் டியூனிங்கின் இரண்டு வழிகள்

பைக்கின் பிக்கப் போதவில்லை என்றால் முன்பெல்லாம் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் போடுவார். நாலு நாள் ஓட்டிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் நிறத்தைப் பார்த்தே சரியா தவறா என்று சொல்லிவிடுவார். 2020 ஏப்ரல் 1 அன்று பி.எஸ்.6 விதி வந்ததும் அந்தக் கைத்திறனுக்கு வேலை குறைந்துவிட்டது. மொபெட் வரைக்கும் பெட்ரோலை அளந்து கொடுக்கும் பொறுப்பு ஈசியூ என்ற சிறு கணினியிடம் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கு டியூனர் மாற்றுவது அந்தக் கணினி பார்த்து நடக்கும் எண்களை.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஈசியூவின் நினைவகத்தில் உள்ள அட்டவணைகளையே திருத்தி எழுதுவது ஒன்று. ரீமேப், ஃபிளாஷ் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். ஈசியூவை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் இன்னொரு பெட்டியைச் சொருகி, போகிற வழியிலேயே கட்டளையை மாற்றுவது மற்றொன்று. இது பிக்கிபேக்.

எது அதிக பவர் தரும் என்ற வாதம் ரைடர்கள் கூடும் இடமெல்லாம் நடக்கிறது. அந்தக் கேள்விக்குக் கருவியைப் பார்த்து விடை சொல்ல முடியாது. வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650, புணேயை அடுத்த சாகனில் தயாராகும் கேடிஎம் 390 டியூக் ஆகிய இரண்டையும் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

இரண்டுக்கும் பொதுவானது

ஈசியூவுக்குள் இருப்பவற்றில் பெரும்பகுதி கட்டம் போட்ட அட்டவணைகள். ஒரு பக்கம் இன்ஜினின் வேகம், மறுபக்கம் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண் இருக்கும். இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறந்திருக்க வேண்டும் என்று ஓர் அட்டவணை சொல்லும். பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது ஸ்பார்க் விட வேண்டும் என்று இன்னோர் அட்டவணை சொல்லும். 6000 ஆர்.பி.எம்-ல் கிராங்க் ஒரு சுற்று சுற்ற 10 மில்லி செகண்ட் ஆகிறது. அதில் ஒரு டிகிரி என்பது ஒரு செகண்டை லட்சம் கூறாக்கினால் அதில் மூன்று கூறுக்கும் குறைவு. டியூனர் கீபோர்டில் ‘இரண்டு டிகிரி முன்னே’ என்று தட்டும்போது இவ்வளவு நுண்ணிய நேரத்தைத்தான் நகர்த்துகிறார்.

கம்பெனி போட்ட எண்களில் ஏன் கை வைக்க இடமிருக்கிறது? பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். சைலன்சருக்குள் இருக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டர் மூன்று நச்சு வாயுக்களையும் ஒருசேரச் சுத்திகரிப்பது இந்த விகிதத்தை ஒட்டி மட்டும்தான். ஆனால் இன்ஜின் தன் முழு பலத்தைக் காட்டுவது 12.5 முதல் 13 வரையிலான விகிதத்தில், அதாவது பெட்ரோல் சற்றுத் தூக்கலாக இருக்கும்போது. புகை விதி, சத்த விதி, ஊருக்கு ஊர் மாறும் பெட்ரோலின் தரம், இன்ஜினின் ஆயுள், வாரன்டி என்று அத்தனையையும் மனதில் வைத்துத்தான் கம்பெனி எண் போடுகிறது. டியூனர் புகுந்து வேலை செய்வது அந்தச் சமரசத்தில்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. டர்போ உள்ள காரை ரீமேப் செய்தால் பவர் கணிசமாக ஏறும்; அங்கே டர்போவின் அழுத்தத்தையே கூட்டிவிடலாம். பைக் இன்ஜின் தானாக உறிஞ்சும் காற்றை நம்பி இருப்பது. காற்று கூடாமல் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் மட்டும் திருத்தினால் உச்ச பவரில் சில சதவீதம்தான் ஏறும். ஓட்டுகிறவருக்கு உண்மையில் தெரியும் மாற்றம் உச்சத்தில் இல்லை. குறைந்த வேகத்தில் த்ராட்டிலைத் திறக்கும்போது வரும் குலுக்கல் போவதிலும், நடு ஆர்.பி.எம்-ல் தயக்கமில்லாமல் இழுப்பதிலும்தான் அது தெரிகிறது.

நடுவில் நிற்கும் பெட்டி

பிக்கிபேக்கில் உலகம் அறிந்த பெயர் அமெரிக்காவின் டைனோஜெட் கம்பெனி தயாரிக்கும் பவர் கமாண்டர். நம் ஊர் ரைடர்களுக்கு அதிகம் பழகியது பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக். சீட்டைக் கழற்றி, கம்பெனி கப்ளர்களைப் பிரித்து, நடுவில் இதன் கப்ளர்களைச் சொருகினால் வேலை முடிந்தது. வயர் வெட்ட வேண்டியதில்லை. கழற்றி வைத்தால் வண்டி பழையபடி ஆகிவிடும்.

அந்தக் காலத்து துரைக்கும் ஊராருக்கும் நடுவில் நின்ற துபாஷியைப் போலத்தான் இந்தப் பெட்டி. துரை சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ ஊராரிடம் சொல்லும். இன்ஜெக்டரை 4 மில்லி செகண்ட் திறக்கச் சொல்லி ஈசியூ அனுப்பினால், இது 8 சதவீதம் கூட்டி 4.32 மில்லி செகண்டாக்கி அனுப்பும். நடுவில் ஒருவர் மாற்றிச் சொல்கிறார் என்பது ஈசியூவுக்குத் தெரியாது.

சிக்கல் இங்கேதான். ஈசியூவுக்கு இன்னொரு தகவல் வழியும் இருக்கிறது. சைலன்சர் குழாயில் உட்கார்ந்திருக்கும் லாம்டா சென்சார், எரிந்த புகையில் ஆக்சிஜன் மீந்திருக்கிறதா என்று பார்த்து உடனுக்குடன் செய்தி அனுப்புகிறது. ஒரே சீராகப் போகும்போதும், த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போதும் ஈசியூ இந்தச் செய்தியை வைத்துத் தன் எண்ணைத் தானே திருத்திக்கொள்கிறது. இதைக் குளோஸ்டு லூப் என்பார்கள். மேலே சொன்ன கணக்கையே கொஞ்சம் தொடர்வோம். பெட்டி கூட்டிய 8 சதவீதத்தால் புகை ‘ரிச்’, அதாவது பெட்ரோல் தூக்கல், என்று லாம்டா சொல்கிறது. ஈசியூ தன் 4 மில்லி செகண்டை மெல்ல மெல்லக் குறைத்து 3.7-க்குக் கொண்டுவருகிறது. பெட்டி அதற்கும் 8 சதவீதம் கூட்டுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் திரும்பவும் 4 மில்லி செகண்ட். பெட்டி வாங்கிய பணம் அந்தக் கட்டத்தைப் பொறுத்தவரை வீண்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் சந்தையில் இருக்கின்றன. லாம்டாவின் செய்தியைத் துண்டித்து, எல்லாம் சரியாக இருப்பதாக ஒரு போலிச் செய்தியை ஈசியூவுக்கு அனுப்புவது ஒன்று. அந்தச் செய்தியையே கொஞ்சம் திரித்து அனுப்புவது மற்றொன்று. முதலாவது பரவலாக நடக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலை இப்போது கூடியிருக்கிறது. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவைப்படாது, சுமார் 13.5 பங்கு போதும். பழைய பெட்ரோலுக்குப் போட்ட அட்டவணையில், அதாவது மேப்பில், இந்தப் பெட்ரோலை ஊற்றினால் கலவை தானாகவே ‘லீன்’ ஆகிவிடும், அதாவது அதில் பெட்ரோல் குறைந்துவிடும். லாம்டா உயிரோடு இருந்தால் ஈசியூ அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும். துண்டித்துவிட்டால் சொல்ல ஆளில்லை. இன்ஜின் சூடேறிக்கொண்டே ஓடும்.

உள்ளே எழுதுவது

ரீமேப்பில் துபாஷிக்கு வேலையில்லை. டியூனர் வண்டியின் டயக்னாஸ்டிக் கப்ளரில் லேப்டாப்பை இணைத்து ஈசியூவில் இருப்பதை முழுவதுமாகப் படித்தெடுக்கிறார். சில ஈசியூக்கள் அந்த வழியில் கதவைத் திறப்பதில்லை. அவற்றை வண்டியிலிருந்து கழற்றி மேஜையில் வைத்து, நேரடியாக மின்சாரம் கொடுத்துப் படிக்க வேண்டியிருக்கும். கிடைக்கும் கோப்பு, வரிசை வரிசையாக எண்கள் மட்டுமே. அதில் எந்த இடத்தில் பெட்ரோல் அட்டவணை தொடங்குகிறது, எந்த இடத்தில் ஸ்பார்க் அட்டவணை முடிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலின் மூலதனம். ஆஸ்திரேலியாவின் வூலிச் ரேசிங் போன்ற நிறுவனங்கள் ஜப்பான் பைக்குகளுக்கு இந்த வரைபடத்தைத் தயாராகவே விற்கின்றன.

திருத்திய கோப்பைத் திரும்ப எழுதும் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை. பாதியில் பேட்டரி இறங்கிவிட்டால் ஈசியூவில் அரைகுறைக் கோப்பு நிற்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. அதனால் விவரம் தெரிந்த டியூனர் பேட்டரியோடு சார்ஜரை இணைத்துவிட்டுத்தான் ‘எழுது’ என்ற பொத்தானைத் தொடுவார். கோப்பின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும் செக்சம் எண் பொருந்தவில்லை என்றாலும் ஈசியூ அந்தக் கோப்பை ஏற்காமல் போகலாம்.

இவ்வளவு சிரமத்துக்குக் கிடைக்கும் பலன், எட்டாத இடங்கள் எட்டுவது. குளோஸ்டு லூப்பை முழுக்க அணைக்காமல், சீராகப் போகும் வேகங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் விலக்கலாம். ரெவ் லிமிட்டை நகர்த்தலாம். ரேடியேட்டர் ஃபேன் எத்தனை டிகிரியில் ஓடத் தொடங்க வேண்டும் என்று மாற்றலாம். த்ராட்டிலை மூடும்போது பெட்ரோலை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பக் கொடுப்பது என்று திருத்தினால் அந்த வெட்டி இழுக்கும் குலுக்கல் அடங்கும். கியருக்குக் கியர் தனி ஸ்பார்க் அட்டவணை வைத்திருக்கும் வண்டிகளில் அவற்றையும் தனித்தனியாகத் தொடலாம்.

ஸ்பார்க் விஷயத்தில் இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும். பெட்ரோலைக் கூட்டுவது பிக்கிபேக்குக்குச் சுலபம். இன்ஜெக்டரை இன்னும் கொஞ்சம் நேரம் திறந்து பிடித்தால் போதும். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவதும் சுலபம். வந்த கட்டளையைச் சற்றுப் பிடித்துவைத்து அனுப்பலாம். ஆனால் முன்தள்ள வேண்டுமென்றால், ஈசியூ கட்டளை இடுவதற்கு முன்பே பெட்டி செயல்பட வேண்டும். அதற்காகவே பவர்ட்ரானிக் போன்ற பெட்டிகள் கிராங்க் சென்சாரின் துடிப்பையும் தாங்களே வாங்கிக் கணக்குப் போடுகின்றன. பெட்ரோலை மட்டும் கையாளும் பெட்டிகளால் இது ஆகாது. ரீமேப்பில் இதே வேலை ஒரு கட்டத்தில் 28-ஐ 30 என்று மாற்றுவதோடு முடிந்துவிடுகிறது.

எந்த வழியில் முன்தள்ளினாலும் ஆபத்து ஒன்றே. அளவு மீறினால் கலவை நேரம் கெட்டு வெடிக்கும். நாக்கிங் எனப்படும் அந்தத் தட்டல் பிஸ்டனைத் தின்றுவிடும். பெரும்பாலான பைக்குகளில் அதைக் கேட்டுச் சொல்லும் நாக் சென்சார் கிடையாது.

இரண்டு வண்டிகள், இரண்டு விடைகள்

இன்டர்செப்டர் 650-ஐ எடுத்துக்கொள்வோம். 648 சி.சி., இரண்டு சிலிண்டர், 47 குதிரைத்திறன், கம்ப்ரெஷன் விகிதம் 9.5. த்ராட்டில் பழைய மாதிரி கேபிளில் ஓடுகிறது. கையை முறுக்கினால் கேபிள் இழுக்கிறது, காற்று வரும் வழியை அடைத்திருக்கும் பட்டர்ஃபிளை தகடு திறக்கிறது. அதில் ஈசியூவுக்குப் பேச்சே இல்லை. காற்று எவ்வளவு வர வேண்டும் என்பதை ஓட்டுகிறவரின் கை தீர்மானிக்கிறது. மிச்சமிருப்பது பெட்ரோலும் ஸ்பார்க்கும். இரண்டும் பிக்கிபேக் எட்டக்கூடிய இடங்கள். கம்ப்ரெஷன் மிதமாக இருப்பதால் ஸ்பார்க்கைக் கொஞ்சம் முன்தள்ளினாலும் இந்த இன்ஜின் தாங்கும். சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றிய இன்டர்செப்டருக்குப் பொருத்தமான பிக்கிபேக் மேப், நல்ல ரீமேப்புக்கு வெகு அருகே வந்துவிடும். ஃபுல் த்ராட்டில் வரைபடத்தை மட்டும் காட்டினால் எது எதுவென்று பிரித்துச் சொல்வது கடினம்.

390 டியூக் வேறு சாதி. 2013-ல் வந்த முதல் தலைமுறையில் கேபிள்தான் இருந்தது. 2017-ல் ரைடு-பை-வயர் வந்தது. அந்தத் தலைமுறைக்கு 373 சி.சி., ஒற்றை சிலிண்டர், 43 குதிரைத்திறனை ஒட்டிய பவர், 12-க்கு மேற்பட்ட கம்ப்ரெஷன். இதில் கையை முறுக்கினால் இழுபடுவது கேபிள் அல்ல. ஒரு சென்சார் நகர்கிறது, அவ்வளவுதான். பட்டர்ஃபிளையை எவ்வளவு திறப்பது என்று ஈசியூ இன்னோர் அட்டவணையைப் பார்த்து முடிவுசெய்து மோட்டாரை இயக்குகிறது. கையை முழுக்க முறுக்கினாலும் அது முழுக்கத் திறக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள் சிலவற்றில் சத்த விதிக்கு அடங்குவதற்காக மேல் ஆர்.பி.எம்-ல் பட்டர்ஃபிளையைப் பாதியிலேயே நிறுத்திவைப்பது வழக்கம்.

இந்த அட்டவணை பிக்கிபேக்குக்கு எட்டாது. கைப்பிடி சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கிக் காட்டும் கருவிகள் உண்டு. அவை பட்டர்ஃபிளையைச் சீக்கிரம் திறக்க வைக்குமே தவிர, ஈசியூ விதித்த மேல்வரம்பைத் தாண்ட வைக்காது. சமிக்ஞைகளில் முரண்பாடு தெரிந்தால் ஈசியூ சந்தேகப்பட்டு, வண்டியைத் தவழும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். 390-ல் குறைந்த வேகத்துக் குலுக்கலைத் தீர்க்க வேண்டுமென்றால் பெட்ரோல், ஸ்பார்க், பட்டர்ஃபிளை மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வேலை முழுமையாகும். அது ரீமேப்பின் ராஜ்யம். கம்ப்ரெஷன் உயர்ந்திருப்பதால் ஸ்பார்க்கைக் கையாளும் டியூனருக்கு நிதானமும் வேண்டும்.

இரண்டு வழிக்கும் சந்தை இருக்கிறது என்பதற்கு டைனோஜெட்டே சாட்சி. பவர் கமாண்டரால் பெயர் வாங்கிய அதே கம்பெனி, ஈசியூவுக்குள் எழுதும் பவர் விஷன் என்ற கருவியையும் விற்கிறது.

டைனோ சொல்வதும் சொல்லாததும்

எந்த வழியானாலும் கடைசியில் பவரை அளக்கும் டைனோவில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பின் டயரை உருளை மீது வைத்து, பெல்ட் போட்டு இழுத்துக் கட்டி, முன்னால் பெரிய ஃபேனை ஓடவிட்டு, சைலன்சர் வாயில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரைச் செருகி, ஒரே கியரில் கீழிருந்து மேல்வரை இழுக்கிறார்கள். திரையில் பவர் கோடும் கலவைக் கோடும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஏறும். பவர் கோடு எங்கே குழி விழுகிறதோ, அங்கே கலவைக் கோடு என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் டியூனரின் வேலை.

பிரோஷரில் 47 என்று போட்ட இன்டர்செப்டர் டைனோவில் 40-ஐ ஒட்டி நின்றால் பதற வேண்டாம். பிரோஷர் கணக்கு கிராங்கில், டைனோ கணக்கு பின் சக்கரத்தில். நடுவில் கிளட்ச், கியர்பாக்ஸ், செயின் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

சந்தேகப்பட வேண்டியது ‘முன்’, ‘பின்’ என்று போட்டுத் தரும் அச்சுத்தாளைத்தான். 25 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. டியூனிங் தரப்போகும் மொத்த லாபமே சில சதவீதம்தான் என்றால், சித்திரை மாதப் பிற்பகலில் ‘முன்’ எடுத்துவிட்டு மறுநாள் காலையில் ‘பின்’ எடுத்தால் ஒரு எண்ணைக்கூட மாற்றாமல் பவர் ஏறியதாகக் காட்டிவிடலாம். டைனோக்களில் இதற்கான திருத்தக் கணக்கு இருக்கிறது. அதில் போடும் வெப்பநிலை உண்மையாக இருக்க வேண்டும்.

இன்டர்நெட்டில் இறக்கிய மேப்பை அப்படியே ஏற்றுபவருக்கும் இது பொருந்தும். அந்த மேப் வேறொருவரின் சைலன்சருக்கும், வேறொரு ஊரின் உயரத்துக்கும், வேறொரு பெட்ரோலுக்கும் போட்டது. கருவி ரீமேப்பா பிக்கிபேக்கா என்ற வித்தியாசத்தைவிட, மேப்பைப் போட்டவர் அந்த வண்டியைப் பார்த்தாரா இல்லையா என்ற வித்தியாசம் பெரியது.

திரும்பி வரும் வழியும் சட்டமும்

பிக்கிபேக்கின் பெரிய பலம் கழற்றிவிடலாம் என்பது. வண்டியை விற்கும்போது பெட்டியைக் கழற்றித் தனியாகவும் விற்கலாம். ரீமேப்பிலும் பழைய கோப்பைத் திரும்ப எழுதலாம். ஆனால் முதலில் படித்தெடுத்த கோப்பு பத்திரமாக இருக்க வேண்டும். எத்தனை முறை எழுதப்பட்டது என்ற தடயத்தைச் சில ஈசியூக்கள் வைத்துக்கொள்ளும். சர்வீஸ் சென்டரில் கம்பெனியின் புதிய மென்பொருளை ஏற்றினால் பணம் கொடுத்துப் போட்ட ரீமேப் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துபோகும். பிக்கிபேக் அங்கே பிழைத்துக்கொள்ளும். ஆனால் அடியில் உள்ள எண்கள் மாறிவிட்டதால் அதன் கூட்டலும் கழித்தலும் பழைய பொருளில் இருக்காது.

சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. 2016 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஹார்லி-டேவிட்சன் மீது கொண்டுவந்த வழக்கில், சுமார் 3,40,000 டியூனிங் கருவிகளை விற்றதற்காக 1.2 கோடி டாலர் அபராதம் கட்ட அந்தக் கம்பெனி ஒப்புக்கொண்டது. தன் வண்டிகளுக்குத் தானே விற்ற கருவிகள் அவை. புகைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. எந்த வழியில் கெடுக்கிறது என்பதல்ல. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கழற்றக்கூடிய பெட்டி என்பதால் பிக்கிபேக்குக்கு விலக்கு இல்லை. ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் வண்டி வேறு கணக்கு.

எதை யார் தேர்ந்தெடுப்பது?

வாரன்டி முடியாத, கேபிள் த்ராட்டில் உள்ள வண்டி. சைலன்சரை மாற்றியிருக்கிறார்கள். பின்னாளில் பழைய நிலைக்கே கொண்டுவரும் எண்ணமும் உண்டு. இவர்களுக்கு பிக்கிபேக் போதும். லாம்டாவைத் துண்டிக்காத மேப்பாக, சீரான வேகத்துக் கட்டங்களைத் தொடாத மேப்பாகக் கேட்டு வாங்க வேண்டும். ரைடு-பை-வயர் வண்டியில் த்ராட்டிலின் நடத்தையே பிடிக்கவில்லை என்பவர் பெட்டிகளாக வாங்கி அடுக்கிப் பயனில்லை. ரீமேப்தான் வழி, அதுவும் அந்த ஈசியூவைத் தெரிந்தவரிடம். எதையும் மாற்றாத புது வண்டியில் பவர் கூட வேண்டும் என்று மட்டும் நினைப்பவருக்கு இரண்டிலும் பெரிய லாபமில்லை.

இரண்டில் எதற்கும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யலாம். வண்டியை இருக்கிற நிலையிலேயே டைனோவில் ஏற்றி, கலவைக் கோட்டைப் பார்த்துவிட்டு, குறை எங்கே இருக்கிறது என்று டியூனரைக் கேட்க வேண்டும். குறை பெட்ரோலிலா, ஸ்பார்க்கிலா, பட்டர்ஃபிளையிலா என்று சொல்லத் தெரிந்தவர் எந்தக் கருவி வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். வண்டியை ஏற்றிப் பார்க்காமலே கருவியின் விலையைச் சொல்பவரிடம் இரண்டையுமே வாங்க வேண்டாம்.